திரையில் எழுத்துத் தெளிவாகத் தெரிய

ஒரு தலைமுறைக்கு முன்பு வரையில், தமது நிலத்தைப் பற்றிய விவரத்தை அறிய விரும்பிய குடியானவர் கிராம நிர்வாக அலுவலரிடம் சென்று காகிதப் பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. பஞ்சாயத்தின் வரவு செலவும் தடித்த அட்டையிட்ட புத்தகங்களிலேயே எழுதி வைக்கப்பட்டது. இன்று அந்நிலை பெரிதும் மாறிவிட்டது. பட்டா, சிட்டா விவரங்களைத் தமிழ்நாடு அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' மின்சேவையின் வாயிலாக வீட்டிலிருந்தபடியே காணலாம். 2018ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற உழவன் செயலியில் மானியத் திட்டங்களும், சந்தை விலையும், வானிலைச் செய்தியும் கைபேசித் திரைக்கே வந்து சேர்கின்றன. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் தொடங்கப்பெற்ற இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் பஞ்சாயத்துகளின் திட்டங்களும் கணக்குகளும் பதிவாகின்றன.

ஏடு மாறியிருக்கிறது, ஆனால் அதைப் படிக்கும் முறையை நாம் இன்னும் நன்கு கற்றுக்கொள்ளவில்லை. "கண் கூசுகிறது", "எழுத்துத் தெரியவில்லை", "சற்று நேரம் பார்த்தால் தலை வலிக்கிறது" என்று கூறி, கைபேசியை மகனிடமோ பேத்தியிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்லும் பெரியவர்கள் ஊர்தோறும் இருக்கின்றனர். இவர்களுள் பலருக்குப் பழுது கண்ணில் இல்லை. திரையின் பிரகாசமும், எழுத்துக்கும் அதன் பின்புலத்துக்கும் உள்ள மாறுபாடும் சரியாக அமையாததே காரணம். அவற்றைச் சரிசெய்யும் முறையை எளிதாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு புள்ளியின் மதிப்பு

இது வெறும் சௌகரியத்தைப் பற்றிய செய்தி என்று எவரும் எண்ணிவிடலாகாது. பட்டாவில் நிலத்தின் பரப்பு ஹெக்டேர், ஏர் என்னும் அளவைகளில் குறிக்கப்படுகிறது. 100 ஏர் கொண்டது ஒரு ஹெக்டேர். ஓர் ஏர் என்பது ஏறத்தாழ 2.47 சென்ட். ஆகவே, பரப்பு 0 - 40.50 என்றிருந்தால் அது ஏறத்தாழ ஓர் ஏக்கர். 0 - 4.05 என்றிருந்தால் அது 10 சென்ட் மட்டுமே. இரண்டிலும் இலக்கங்களின் வரிசை ஒன்றுதான். புள்ளி நிற்கும் இடம் ஒன்றே வேறு. மங்கிய திரையில் முதலில் மறைவது அந்தப் புள்ளிதான்.

அவ்வாறே சர்வே எண்ணில் 3 என்பது 8 ஆகத் தோன்றலாம். 1 என்பது 7 ஆகத் தோன்றலாம். 112/3 நமது நிலமாகவும், 112/8 அயலாருடையதாகவும் இருக்கக் கூடும். வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டில் 11 எழுத்துகள் உண்டு. அவற்றுள் ஐந்தாவது எப்போதும் பூஜ்யமே. அதனை 'ஓ' என்னும் ஆங்கில எழுத்தாகக் கொண்டு படிவத்தை நிரப்பினால், வர வேண்டிய பணம் வந்து சேராமல் தடைப்படும்.

தமிழ் எழுத்துகளுக்கும் இது பொருந்தும். மெய்யெழுத்தின் தலைப்புள்ளி, 'கி' என்பதையும் 'கீ' என்பதையும் பிரிக்கும் சிறு சுழி, 'எ' என்பதை 'ஏ' ஆக்கும் கீழ்க்கோடு ஆகியவை யாவும் நுண்ணிய உறுப்புகள். பெயரிலோ தந்தை பெயரிலோ இவற்றுள் ஒன்று பிழைபட்டாலும், பின்னர்த் திருத்தம் செய்ய அலைய வேண்டியிருக்கும். பதிவு உறுதியாகும் முன்பே திரையில் பார்த்துப் பிழையைக் கண்டறிவது எளிது. அவ்வாறு கண்டறிய வேண்டுமானால் எழுத்துத் தெளிவாகத் தெரிந்தாக வேண்டும்.

காகிதமும் திரையும்

காகிதத்துக்குச் சொந்த ஒளி கிடையாது. அது தன்மேல் விழும் ஒளியையே திருப்பி அனுப்புகிறது. வெயிலில் கொண்டு சென்றால் காகிதமும் வெளுப்பாகிறது. விளக்கடியில் வைத்தால் அதற்கேற்ப மங்குகிறது. ஆகவே, காகிதம் எங்கிருந்தாலும் அவ்விடத்தின் வெளிச்சத்தோடு ஒத்தே இருக்கும். கைபேசித் திரையும் கணினித் திரையும் அவ்வாறல்ல. அவை தாமே ஒளி தருபவை. சுற்றிலும் இருள் சூழ்ந்திருந்தாலும், உச்சிவெயில் காய்ந்தாலும், நாம் வைத்த அளவிலேயே அவை ஒளிர்ந்துகொண்டிருக்கும்.

இடத்துக்கிடம் வெளிச்சம் எவ்வளவு வேறுபடுகிறது என்பதை அறிந்தால் வியப்பாயிருக்கும். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ் எனப்படும். உச்சிவெயிலில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் வெளிச்சம் உண்டு. நல்ல விளக்குகள் உள்ள அலுவலகத்தில் 300 முதல் 500 லக்ஸ் வரை இருக்கும். இரவில் ஒரே விளக்கு எரியும் அறையில் 100 லக்ஸுக்கும் குறைவாகவே இருக்கக் கூடும். இம்மூன்று இடங்களிலும் ஒரே அளவுப் பிரகாசத்துடன் படிக்க முயல்வதே கண்சோர்வுக்குப் பெரிய காரணமாகும். திரையின் பிரகாசம் சுற்றியுள்ள வெளிச்சத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்பதே நாம் கற்க வேண்டிய முதல் பாடம்.

வெள்ளைக் காகிதச் சோதனை

பிரகாசம் சரியாக உள்ளதா என்பதை அறிய எக்கருவியும் வேண்டியதில்லை. ஒரு வெள்ளைக் காகிதம் போதும். எழுத்து நிறைந்த வெண்ணிறப் பக்கம் ஒன்றைத் திரையில் திறந்துகொள்க. வெள்ளைக் காகிதத்தைத் திரையின் அருகில் பிடித்து, இரண்டையும் ஒருங்கே நோக்குக. திரை விளக்கைப் போல் ஒளிவிட்டு, காகிதம் மங்கலாகத் தோன்றினால், பிரகாசம் மிகுதி. அதைக் குறைக்க வேண்டும். காகிதம் வெளுப்பாகவும் திரை சாம்பல் நிறமாகவும் தோன்றினால், பிரகாசம் போதாது, கூட்ட வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒரே வெண்மையாகத் தோன்றும் நிலையே சரியானது.

கைபேசியில் இதைச் செய்வது எளிது. திரையின் மேல் விளிம்பில் விரலை வைத்துக் கீழ்நோக்கி இழுத்தால், சூரியனைப் போன்ற குறியுடன் ஒரு கோடு தோன்றும். அதை ஒரு பக்கம் நகர்த்தினால் பிரகாசம் கூடும். மறுபக்கம் நகர்த்தினால் குறையும். பெரும்பாலான கைபேசிகளில் சுற்றுப்புற வெளிச்சத்தை அறிந்து தானாகவே பிரகாசத்தை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. இதற்கான உணர்கருவி வழக்கமாகத் திரையின் மேற்பகுதியில் இருக்கும். அழுக்குப் படிந்தாலோ, பொருந்தாத உறையோ கண்ணாடி ஒட்டியோ அதனை மறைத்தாலோ, பகலிலும் கைபேசி 'இரவு' என்றே எண்ணி மங்கிவிடும். திரை தானாக மங்குகிறது என்று குறை கூறுவோர் முதலில் அவ்விடத்தைத் துடைத்துப் பார்ப்பது நல்லது.

மாறுபாடு என்பது யாது?

பிரகாசம் என்பது திரை முழுவதும் தரும் ஒளி. மாறுபாடு என்பது எழுத்துக்கும் அதன் பின்புலத்துக்கும் இடையே உள்ள ஒளி வேற்றுமை. நமது கண் எழுத்தைப் பிரித்தறிவது இவ்வேற்றுமையைக் கொண்டே ஆகும். வெள்ளைப் பின்புலத்தில் கறுப்பு எழுத்து நன்கு தெரிகிறது. அதே பின்புலத்தில் மஞ்சள் எழுத்து எவ்வளவு பிரகாசம் கூட்டினாலும் தெரிவதில்லை.

மாறுபாட்டை விகிதமாகக் கூறுவது வழக்கம். வலைப்பக்கங்களுக்குத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி என்னும் பன்னாட்டு அமைப்பு 2008ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறையில், சாதாரண அளவு எழுத்துக்கு மாறுபாடு 4.5க்கு 1 என்னும் விகிதத்துக்கும், பெரிய எழுத்துக்கு 3க்கு 1 என்னும் விகிதத்துக்கும் குறையலாகாது என்று வரையறுத்துள்ளது. தூய வெள்ளையில் தூய கறுப்பு எழுதினால் அக்கணக்கின்படி 21க்கு 1 என்னும் உயர்ந்த விகிதம் கிடைக்கிறது.

வெயிலில் எழுத்து மறைவது ஏன்?

வயலில் நின்று கைபேசியைப் பார்ப்போர் அனைவரும் அறிந்த தொல்லை இது. இதன் காரணத்தை ஒரு நெல் கணக்கால் விளக்கலாம். ஒருவரிடம் 500 படி நெல்லும், மற்றவரிடம் அரைப்படி நெல்லும் இருப்பதாகக் கொள்வோம். முன்னவர் பின்னவரைப் போல் 1,000 மடங்கு உடையவர். இப்போது இருவருக்கும் ஆளுக்கு 250 படி நெல் கொடுத்தால் என்னவாகும்? முன்னவரிடம் 750 படியும், பின்னவரிடம் 250½ படியும் இருக்கும். 1,000 மடங்காயிருந்த வேற்றுமை மூன்று மடங்காகச் சுருங்கிவிட்டது.

திரையிலும் இதுவே நிகழ்கிறது. வெள்ளைப் பின்புலம் 500 பங்கு ஒளியும், கறுப்பு எழுத்து அரைப்பங்கு ஒளியும் தருவதாகக் கொள்க. திரையின் கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் 100க்கு ஏறத்தாழ 4 அல்லது 5 பங்கைத் திருப்பி அனுப்புகிறது. ஒளி மிகுந்த வானம் கண்ணாடியில் பிரதிபலிக்கும்போது, எழுத்தின்மேலும் பின்புலத்தின்மேலும் ஒரே அளவான ஒளி போர்வை போல் படிகிறது. எழுத்தும் வெளுக்கிறது, வேற்றுமை குறைகிறது, கண்ணுக்கு ஒன்றும் விளங்குவதில்லை.

ஆகவே வெயிலில் பிரகாசத்தைக் கூட்டுவது மட்டும் போதாது. மேலே படியும் ஒளியைத் தடுப்பதே சிறந்த வழி. மரநிழலுக்குச் செல்க. மரத்தண்டுக்கோ சுவருக்கோ முதுகைக் காட்டி நிற்க. கைபேசியை வானம் நோக்கிப் படுக்கை வாட்டமாகப் பிடியாமல், முகத்துக்கு எதிரே நிமிர்த்திப் பிடிக்க. அப்போது கண்ணாடியில் வானத்துக்குப் பதிலாக நமது முகமும் பின்னாலுள்ள நிழலுமே பிரதிபலிக்கும். திரையில் படிந்த வியர்வையும் மண்ணும் ஒளியைச் சிதறடிப்பவை. ஆதலால் மெல்லிய துணியால் துடைத்தபின் படித்தல் நலம். வேலை முடிந்து நிழலுக்கு வந்தவுடன் பிரகாசத்தை மீண்டும் குறைத்துவிட்டால், மின்கலமும் விரைவில் தீராது.

எழுத்தின் அளவும் நிறமும்

தமிழ் எழுத்துகள் சுழிகளும் வளைவுகளும் நிறைந்தவை. ஆங்கில எழுத்துக்குப் போதுமான அளவு தமிழுக்குப் போதாமல் போவதுண்டு. கைபேசியின் அமைப்புகள் பகுதியில் 'டிஸ்பிளே' அல்லது 'திரை' என்னும் தலைப்பின்கீழ் எழுத்தின் அளவைப் பெரிதாக்கும் வசதி உள்ளது. மாறுபாடு மிகுந்த எழுத்தைத் தேர்ந்துகொள்ளும் வசதியும் பல கைபேசிகளில் அணுகல்தன்மை என்னும் பிரிவில் உண்டு. பட்டா நகல் போன்ற ஆவணங்களை இரு விரல்களால் விரித்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். எண்களைச் சரிபார்க்கும்போது இதை ஒரு வழக்கமாகவே கொள்ள வேண்டும்.

கறுப்புப் பின்புலத்தில் வெள்ளை எழுத்து வரும் 'டார்க் மோடு' என்னும் முறை கண்ணுக்கு நல்லதா என்று பலர் கேட்கின்றனர். நல்ல பார்வையுடையோர் வெளிச்சமான இடத்தில் படிக்கையில், வெள்ளையில் கறுப்பு எழுத்தே பொதுவாக எளிதில் விளங்குகிறது. ஆனால் கண்புரை தொடங்கியவர்களுக்கு வெள்ளைப் பின்புலத்தின் மிகுந்த ஒளி விழிவில்லையில் சிதறிக் கூச்சத்தைத் தருவதால், கறுப்புப் பின்புலம் உதவுவதுண்டு. இருட்டறையிலும் அது கூச்சத்தைத் தணிக்கும். இரண்டையும் சோதித்து, எதில் எண்கள் தெளிவாகத் தெரிகின்றனவோ அதைக் கொள்வதே முறை.

நீலநிற ஒளியைத் தடுப்பதாகக் கூறி விற்கப்படும் கண்ணாடிகளைப் பற்றியும் ஒரு சொல். திரையிலிருந்து வரும் நீல ஒளி கண்ணைக் கெடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை என்று அமெரிக்கக் கண் மருத்துவக் கழகம் கூறியுள்ளது. அதற்கெனப் பணம் செலவழிப்பதைவிட, பிரகாசத்தை அளவாக வைத்து, அவ்வப்போது கண்ணுக்கு ஓய்வு கொடுப்பதே பயன் தரும்.

பஞ்சாயத்து அலுவலகத்தில்

கணினியை வைக்கும் இடம் முதன்மையானது. திரைக்கு நேர் எதிரில் சன்னல் இருந்தால் அதன் ஒளி திரையில் பிரதிபலிக்கும். திரைக்குப் பின்னால் சன்னல் இருந்தால் பார்ப்பவரின் கண் கூசும். ஆதலால் சன்னல் பக்கவாட்டில் வருமாறு மேசையைப் போடுவதே சிறந்தது. திரை ஒரு கை நீளத் தொலைவில் இருக்க வேண்டும். அதன் மேல் விளிம்பு கண்மட்டத்துக்குச் சமமாகவோ சற்றுத் தாழ்வாகவோ இருத்தல் நன்று.

கணினித் திரையின் விளிம்பிலோ பின்புறத்திலோ உள்ள பொத்தான்களால் பிரகாசத்தையும் மாறுபாட்டையும் தனித்தனியே மாற்றலாம். இன்றைய தட்டைத் திரைகளில் பிரகாசப் பொத்தான் பின்னாலுள்ள விளக்கின் ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது. முதலில் அதை வெள்ளைக் காகிதச் சோதனையின்படி சரிசெய்க. மாறுபாட்டை எல்லைவரை உயர்த்துவது தவறு. அவ்வாறு செய்தால் வெள்ளையும் வெளிர்சாம்பலும் ஒன்றாகி, ஆவண நகலில் உள்ள மங்கிய முத்திரையும் மெல்லிய கையொப்பமும் மறைந்துவிடும். மங்கிய முத்திரை கொண்ட நகலொன்றைத் திரையில் திறந்து, அந்த முத்திரையும் கரிய எழுத்தும் ஒருங்கே தெரியுமாறு மாறுபாட்டை நிறுத்துவதே சரியான முறை.

திரையை உற்று நோக்குகையில் நாம் கண் இமைப்பது பெரிதும் குறைந்துவிடுகிறது. அதனாலேயே கண் உலர்ந்து எரிகிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பாலுள்ள பொருளை 20 விநாடி நேரம் பார்த்து, சிலமுறை இமைத்தல் எளிய மருந்தாகும். பதிவேற்றப் பணியில் நாள் முழுவதும் அமர்ந்திருக்கும் ஊழியர்கள் இதைக் கைக்கொள்ள வேண்டும்.

சான்று பெற வரும் பொதுமக்களும் திரையைக் காணும்படி அதனைத் திருப்பி வைத்து, எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுவது ஒரு நல்ல வழக்கம். தம் பெயரும் எண்ணும் சரியாக உள்ளனவா என்பதை அவர்களே பார்த்துச் சொன்னால், பின்னர் எழும் பிழைகள் பல வருமுன்பே தீரும்.

கிராம சபையில்

வரவு செலவைத் திரையிட்டுக் காட்டும் கிராம சபைகளில், கடைசி வரிசையில் உள்ளவர்க்கும் எழுத்துத் தெரிய வேண்டும். 10 மீட்டர் தொலைவில் உள்ளவர் படிப்பதற்கு எழுத்தின் உயரம் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது. வெள்ளையில் கறுப்பு அல்லது கருநீல எழுத்தையே கையாள வேண்டும். சிவப்பில் பச்சையும், வெள்ளையில் மஞ்சளும் கூடா. நிறங்களைப் பிரித்தறிய இயலாதோர் கூட்டத்தில் இருக்கக் கூடும். ஒளிப்படக் கருவி கறுப்பு ஒளியை வீச முடியாது. கருவியின் ஒளி விழாத இடமே கறுப்பாகத் தோன்றுகிறது. ஆகையால் வெளிச்சம் புகும் கூடத்தில் கறுப்பும் வெளுத்துவிடும். திரையருகே உள்ள சன்னலையும் விளக்கையும் மறைப்பது இன்றியமையாதது. கூட்டம் தொடங்கும் முன் உறுப்பினர் ஒருவர் கடைசி வரிசையில் நின்று ஒரு வரியைப் படித்துப் பார்த்தல் வேண்டும். மக்கள் படிக்க இயலாத கணக்கைத் திரையிட்டுவிட்டு, கணக்கு வைக்கப்பட்டது என்று தீர்மானம் எழுதுவது முறையாகாது.

குறை திரையிலா, கண்ணிலா?

மேற்கூறியவற்றையெல்லாம் செய்த பின்னும் எழுத்துத் தெளியவில்லையெனில், கண்ணைச் சோதித்துக்கொள்ள வேண்டும். 40 வயதுக்கு மேல் அண்மைப் பார்வை குறைவது இயற்கை. படிக்கும் கண்ணாடி அதைத் தீர்க்கும். 60 வயதானவரின் விழித்திரையை அடையும் ஒளி, 20 வயதினருக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. எனவே பேரனுக்குப் போதுமான பிரகாசம் பாட்டனுக்குப் போதாது. ஒருவர் வைத்த அளவு மற்றவருக்குப் பொருந்தவில்லை என்றால் அதில் குறைகூற ஒன்றுமில்லை. கண்புரைக்கு அரசு மருத்துவமனைகளில் இலவச அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. திரையைக் குறைகூறிக்கொண்டே கண்புரையை முற்றவிடலாகாது.

செய்து பழகுக

1. பகலில் திண்ணையிலும், இரவில் விளக்கடியிலும் வெள்ளைக் காகிதச் சோதனையைச் செய்து பார்க்க.
2. தமது பட்டாவைத் திரையில் பெரிதாக்கி, சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, பெயர் ஆகிய நான்கையும் காகித நகலுடன் ஒப்பிடுக.
3. வெயிலில் ஒருமுறையும், மரநிழலில் ஒருமுறையும் அதே பக்கத்தைப் படித்து வேற்றுமையை உணர்க.
4. பஞ்சாயத்துக் கணினியின் எதிரிலோ பின்னாலோ சன்னல் இருப்பின், அடுத்த கூட்டத்துக்குள் மேசையைத் திருப்பிப் போடுக.

இவற்றுள் எதற்கும் செலவில்லை; சில நிமிட முயற்சியே வேண்டும். காகிதக் காலத்தில், படித்துப் பாராத பத்திரத்தில் கையெழுத்திடலாகாது என்று பெரியோர் எச்சரித்தனர். திரைக்காலத்திலும் அதுவே நெறி. கைரேகைக் கருவியில் விரலை வைக்கும் முன், கைபேசிக்கு வந்த ஆறு இலக்க எண்ணைப் பிறரிடம் கூறும் முன், திரையில் உள்ளது என்ன என்பதைத் தாமே தெளிவாகப் படித்தறிய வேண்டும். எழுத்து மங்கலாயிருந்தால், "சற்றுப் பெரிதாக்கிக் காட்டுங்கள்" என்று கேட்கத் தயங்க வேண்டியதில்லை. அதுவும் இயலாதெனில், அச்சிட்ட நகலைக் கேட்டுப் பெற்றுப் படித்த பின்னரே இசைவு தருக. தமது நிலத்தின் கணக்கையும் தமது ஊரின் கணக்கையும் தமது கண்ணாலேயே படித்தறிவது ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிய உரிமையாகும். அதற்கு வகை செய்து கொடுப்பது பஞ்சாயத்தின் கடமையாகும்.